மொகல் தெருவைத் தேடிப் போகும் முன்

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ எண்பதைத் தாண்டிய பர்மாக்காரப் பாட்டி யாரிடமாவது "ஆயா, ரங்கூன்ல எங்க இருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "மொகல் தெரு, டல்ஹௌசி ரோட்டுல இருந்து திரும்பினா நாலாவது வீடு" என்று பட்டென்று சொல்வார். அந்த விலாசத்தை அப்படியே போன் மேப்பில் அடித்தால் ஒன்றும் வராது. பாட்டி சொன்னது தப்பில்லை. பெயர்தான் மாறிவிட்டது. பர்மா இன்று மியான்மர், ரங்கூன் இன்று யாங்கோன். மொகல் தெரு இன்று ஷ்வே போந்தா தெரு. டல்ஹௌசி ரோடு மகா பந்துலா ரோடு. ஃபிரேசர் தெரு அனவ்ரதா ரோடு. மான்ட்கோமரி தெரு போஜோ ஆங் சான் ரோடு. ஃபேயர் தெரு பான்சொடான். ஸ்பார்க்ஸ் தெரு போ ஆங் ஜோ தெரு. ஸ்காட் மார்க்கெட் போஜோ மார்க்கெட். ஸ்ட்ராண்ட் ரோடும் மெர்ச்சன்ட் தெருவும் தப்பித்துவிட்டன. எண் போட்ட தெருக்களும் அப்படியே இருக்கின்றன. அதனால் தாத்தா "முப்பதாம் தெரு" என்று சொல்லியிருந்தால் அது அதிர்ஷ்டம், நேராகப் போய் நிற்கலாம்.

பிரகாசம் சாலையை பிராட்வே என்றும், என்.எஸ்.சி. போஸ் ரோட்டுப் பக்கத்தை சைனா பஜார் என்றும் இன்னும் சொல்கிற ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. ஆனால் ரங்கூனில் இந்தப் பெயர் மாற்றமே ஒரு பாடப்புத்தகம். 1852 போரில் கீழ்ப் பர்மாவைப் பிடித்த கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி. அவர் பெயரை எடுத்துவிட்டு, 1825-ல் வெள்ளைக்காரனோடு சண்டை போட்டுச் செத்த தளபதி மகா பந்துலாவின் பெயரை வைத்தார்கள். போ ஆங் ஜோ 1938 ஊர்வலத்தில் போலீஸ் அடியில் இறந்த மாணவர். போஜோ என்றால் தளபதி, அதாவது விடுதலைப் போராட்டத் தலைவர் ஆங் சான். பழைய பெயர், புதிய பெயர், யார் அந்த ஆள், எந்த வருஷம் என்று நான்கு பத்தி போட்டு ஒரு தாளில் எழுதினாலே 1825 முதல் 1948 வரை பாதிக் கதை கைக்கு வந்துவிடும். பயணத்துக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

வட சென்னையில் பர்மா பற்றிப் பேச ஆள் குறைவில்லை. பீச் ஸ்டேஷன் எதிரே 1969-ல் வந்த பர்மா பஜார் இருக்கிறது, செகண்ட் லைன் பீச்சில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடைகள் இருக்கின்றன, வியாசர்பாடியில் அகதிகளாக வந்தவர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இங்கே பேசப்படும் பர்மா 1964-ல் நின்றுபோனது. கப்பல் ஏறியதோடு கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த நாட்டில் 60 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. விமானத்தை விட்டு இறங்கும்போது கால் வைப்பது அந்த 60 வருஷத்தின் மேல்தான். அதனால் படிக்க வேண்டியதைப் பின்னாலிருந்து முன்னால் படியுங்கள் என்பது என் கட்சி. பதினோராம் நூற்றாண்டு அனவ்ரதா ராஜாவில் ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் பகான் கோயில்களைத் தாண்டுவதற்குள் விமானம் ஏறும் நாள் வந்துவிடும்.

வாரம் நான்கு மணி நேரம், ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் முழுக்க 2021-க்குப் பிறகு. 2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி பெரிதாக ஜெயித்தது. 2021 பிப்ரவரி 1 விடிகாலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதிலிருந்து நாட்டின் பல பகுதிகளில் சண்டை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. ஓட்டலில் பை தூக்கித் தரும் பையனிடம் "தம்பி, வயசு என்ன, அடுத்து என்ன பண்ணப் போற?" என்று சும்மா கேட்கிற கேள்வி அங்கே சும்மா கேள்வி இல்லை. 2025 மார்ச் 28-ல் மாண்டலே பக்கம் 7.7 அளவில் நிலநடுக்கம். 1934-ல் கட்டிய பழைய ஆவா பாலம் இடிந்து விழுந்தது. பழைய கையேட்டில் பாலத்தின் படம் அழகாக இருக்கும், நம்பிப் போகாதீர்கள். போகலாமா வேண்டாமா என்ற முடிவே இந்த முதல் வாரத்தில்தான் எடுக்க வேண்டியிருக்கும். யாங்கோனில் உள்ள இந்தியத் தூதரகம் வெளியிடும் எச்சரிக்கையை டிக்கெட் போடும் முன் ஒருமுறை, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள்.

புத்தகம் எடுக்கும்போது எழுத்தாளர் பெயருக்கு முன்னால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 2011-க்கு முன் வந்தவை இருட்டாக இருக்கும். 2012 முதல் 2016 வரை வந்தவற்றில் நம்பிக்கை பொங்கி வழியும்: தேர்தல் வருது, கம்பெனிகள் வருது, கதவு திறந்தாச்சு என்று. 2017-ல் ரக்கைன் மாநிலத்திலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடிய பிறகு தொனி மாறும். 2021-க்குப் பிறகு வந்தவை வேறு நாட்டைப் பற்றியவை போல இருக்கும். நடுவில் வந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போனால், சரக்கு சரி, தேதி காலாவதி. நான்கு கட்டத்திலிருந்தும் ஒவ்வொன்று போதும். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் எழும்பூர் கன்னிமாரா. அங்கே உட்கார்ந்து 1930, 1942, 1964 வருஷத்துப் பழைய பத்திரிகைகளைக் கேட்டுப் படிப்பது எந்தப் புத்தகத்தையும்விட மேல்.

பெயர்கள் அடுத்த வம்பு. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஊ என்பது "ஐயா" மாதிரி, டோ என்பது "அம்மா" மாதிரி. முதல் பிரதமர் ஊ நு, ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட் இரண்டு பேரும் ஒரே குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆங் சான் சூச்சி என்ற பெயரில் ஆங் சான் அப்பாவுடையது, சூ பாட்டியுடையது, ச்சி அம்மாவுடையது. அப்பா பெயர் முன்னால் இருப்பதால் படிக்கிற அவசரத்தில் "ஆங் சான்" என்று வருகிற இடத்தையெல்லாம் மகள் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. அப்பா 1947-லேயே கொல்லப்பட்டுவிட்டார். புத்தகத்தின் பின்பக்கப் பெயர்ப் பட்டியலில் தேடும்போது ஊ-வை விட்டுவிட்டு அடுத்த எழுத்திலும் தேடுங்கள், பதிப்பகத்துக்குப் பதிப்பகம் மாறும்.

ஆட்சி செய்த அமைப்புகளின் பெயரும் அப்படித்தான். 1962-ல் புரட்சிக் கவுன்சில், பிறகு சோஷலிசத் திட்டக் கட்சி, 1988-ல் சட்டம் ஒழுங்கு மீட்புக் கவுன்சில், 1997-ல் அமைதி வளர்ச்சிக் கவுன்சில், 2021-ல் நிர்வாகக் கவுன்சில். போர்டை மாற்றி மாற்றி மாட்டிய ஒரே கடை, முதலாளி ராணுவம். இந்த ஒரு வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டால் பாதிச் சுருக்கப் பெயர்கள் தொல்லை தராது. 2008 அரசியல் சட்டத்தில் நாடாளுமன்ற இடங்களில் 25 சதவீதம் ராணுவத்துக்கு; சட்டத்தைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2015-ல் ஜெயித்த சூச்சி கட்சியால் ஏன் அதை மாற்ற முடியவில்லை என்பது இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

இனி இரண்டாவது, மூன்றாவது வாரம்: பணத்துக்கு வருவோம். மற்ற எதையும் விட இதில் கொஞ்சம் நேரம் செலவு செய்யுங்கள், ஏனென்றால் தெருவில் முதலில் இடிப்பது இதுதான். 1962 மார்ச் 2-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963, 64-ல் வங்கி, மொத்த வியாபாரம், கடைகள் என்று ஒவ்வொன்றாக அரசுடைமை. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கடையும் போய், கையில் இருந்த காசும் போன நேரத்தில்தான் நம் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு, எல்லா மாநிலத்தவரும் சேர்த்து 3 லட்சம் இந்தியர்கள். நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம் என்று இங்கே பாட்டிகள் சொல்வது அந்தக் காலம்.

நம் கதை இங்கே முடிந்துவிடுவதால் அடுத்ததைப் படிக்காமல் விடுகிறோம். 1985 நவம்பரில் மறுபடியும் 50, 100 நோட்டுகளை எடுத்தார்கள். 75 கியாட் நோட்டு வந்தது. 1987 செப்டம்பர் 5-ல் முன்னறிவிப்பே இல்லாமல் 25, 35, 75 நோட்டுகள் செல்லாது. மாற்றித் தருவதும் கிடையாது. பதிலுக்கு வந்தவை 45, 90. இரண்டும் ஒன்பதால் வகுபடும் எண்கள், நே வினுக்கு ஒன்பது ராசி என்பார்கள். நமக்கு 2016 நவம்பர் 8 ராத்திரி ஞாபகம் இருக்கும். வங்கி வாசலில் வரிசையாவது இருந்தது. அங்கே வரிசையும் இல்லை. 1988 மார்ச்சில் ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரிப் பக்கம் ஒரு டீக்கடைத் தகராறு, அதில் போலீஸ் சுட்டு ஒரு மாணவர் சாவு, ஜூலையில் நே வின் பதவி விலகல், ஆகஸ்ட் 8-ல் நாடு தழுவிய எழுச்சி, செப்டம்பர் 18-ல் மறுபடி ராணுவம். டீக்கடைச் சண்டை அவ்வளவு தூரம் போனதற்கு மாணவர்களின் சேமிப்பு ஆறு மாதம் முன்பு காகிதமானது ஒரு காரணம்.

இதைப் படித்தவருக்கு, அங்கே ஏன் டாலர் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார்கள் என்று கோபம் வராது. சொந்த நோட்டை மூன்று தடவை அரசாங்கமே செல்லாக்காசாக்கிய ஊரில், மக்கள் தங்கத்தையும் மடிப்பில்லாத டாலரையும்தான் நம்புவார்கள். மடிப்பு, பேனாக் கோடு, சீல், மூலை கிழிசல் எது இருந்தாலும் தள்ளிவிடுவார்கள் அல்லது விலை குறைப்பார்கள். பாரிமுனையில் மாற்றும்போதே புது நோட்டாகக் கேட்டு வாங்கி, பர்ஸில் மடிக்காமல் கெட்டி அட்டை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போங்கள். அரசு விகிதம் டாலருக்கு 2,100 கியாட் என்று 2022-ல் வைத்தது. வெளிச்சந்தையில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் போயிருக்கிறது. அந்த ஆசையில் தெருவோர ஆளிடம் மாற்றுவது குற்றம், மாட்டினால் தூதரகம் வந்து காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். கியாட் நோட்டின் ஒரு பக்கத்தில் பர்மிய இலக்கம் மட்டும் இருக்கும். பத்து இலக்கம்தான், ஒரு சாயங்காலத்தில் மனப்பாடம் ஆகும்.

சாலையிலும் அதே கதை. 1970 டிசம்பர் 6 வரை நம்மைப் போல இடது பக்கம் ஓட்டினார்கள். அன்று முதல் வலது பக்கம். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளில் ஸ்டியரிங் வலது பக்கமே. முந்தும்போது டிரைவருக்கு எதிரே வருவது தெரியாது. நெடுந்தூரம் போனால் டிரைவருக்கு இடது பக்கத்து சீட்டில் உட்காராதீர்கள். சென்னைப் பழக்கத்தில் வலது பக்கம் பார்த்துவிட்டு ரோட்டில் இறங்கினால் ஆபத்து, அங்கே முதலில் இடது.

நான்காவது, ஐந்தாவது வாரம் விடுதலைக் காலத்துக்கும் அதற்கு முன்னாலும். 1931-ல் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1930-களின் நெல் விலை வீழ்ச்சியில் கடன் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறி, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கணக்கில் போய்ச் சேர்ந்தது. 1930 மே மாதக் கலவரம் துறைமுகத்தில் ஆரம்பித்தது: தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பர்மியர்களைச் சேர்த்தார்கள், சமரசம் ஆனதும் பர்மியர்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ராயபுரத்தில் ஹார்பர் வேலை பார்த்த குடும்பத்துக்கு இதில் யார் வயிறு எரிந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. "நாமதான் பர்மாவை உருவாக்கினோம்" என்று இங்கே கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அத்தியாயத்தைக் கட்டாயம் படியுங்கள். அதை அங்கே போய்ச் சொல்லாமல் இருப்பதற்காகவாவது.

1941 டிசம்பர் 23-ல் ஜப்பான் குண்டு, 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ச்சி, லட்சக்கணக்கானோர் காட்டு வழி நடை. பிறகு 1947 ஜூலை 19: செக்ரட்டேரியட் கட்டடத்தில் கூட்டம் நடக்கும்போது ஆங் சானையும் சேர்த்து 9 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஊ ரசாக் என்பவர் இந்தியத் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர். விடுதலை 1948 ஜனவரி 4 விடியற்காலை 4.20-க்கு, ஜோசியர் குறித்த நேரம். பஞ்சாங்கம் பார்க்கும் நமக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

ஆறாவது வாரம் இங்குள்ள பெரியவர்களிடம் கேட்பதற்கு. அதற்கும் ஒரு முறை உண்டு. "பர்மா எப்படி இருந்துச்சு?" என்றால் "சொர்க்கம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, பக்கத்தில் என்ன கடை, எந்தக் கோயில் திருவிழா, பள்ளிக்கூடத்தில் எந்த மொழி, கப்பல் ஏறிய மாதம், இங்கே எந்த முகாம் என்று கேளுங்கள். பழைய பெட்டியில் வெளிநாட்டவர் பதிவுச் சான்று இருந்தால் அதில் விலாசம், தொழில் எல்லாம் இருக்கும். ஒரு போட்டோ எடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அசலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். தெருவுக்கும் கோயிலுக்கும் அவர்கள் நினைவு தங்கம். அரசியல் தேதிகளுக்கு மட்டும் பத்திரிகையோடு ஒத்துப்பாருங்கள்; 1962-ம் 1964-ம் பேச்சில் ஒன்றாகிவிடும்.

அங்கே தங்கிவிட்ட தமிழர்களைப் பார்க்க ஆசைப்பட்டால் 1982 குடியுரிமைச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள். குடிமக்கள் மூன்று தரம். 1823-க்கு முன்பே அங்கே குடியிருந்த இனத்தவருக்கே முதல் தரம் இயல்பாகக் கிடைக்கும். அரசு பட்டியலில் 135 இனங்கள், தமிழர் அதில் இல்லை. பர்மியப் பெயர் வைத்திருப்பவரிடம் "உண்மையான பேரு என்னங்க?" என்று கோயிலில் நாலு பேர் முன்னால் கேட்பது தப்பு. தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு தமிழ் பேசவரும் ஆனால் படிக்கவராது என்ற தலைமுறைகள் உண்டு. துண்டுச்சீட்டு எழுதிக் கொடுப்பதைவிடப் பேசுவது நல்லது. இந்தியர்களைக் குறிக்கும் "கலா" என்ற சொல் இங்கே பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே சொல்வது. அங்கே அது வசை.

தாய்லாந்து வேலை என்று கூட்டிப்போய், எல்லைக்கு இந்தப் பக்கம் பர்மாவில் உள்ள மியாவடியில் மாட்டிவிடும் ஏமாற்று வேலைகளில் தமிழ்நாட்டுப் பையன்கள் சிக்கியிருக்கிறார்கள். அந்த ஊர் ஏன் அப்படி என்பதும் வரலாறுதான். அந்தப் பக்கத்துக் கரென் இனத்தவரின் கிளர்ச்சி 1949 ஜனவரியில் தொடங்கியது. 1994-ல் அதிலிருந்து ஒரு படை பிரிந்தது. 2010-ல் அதில் பெரும்பகுதி ராணுவத்தோடு சேர்ந்த எல்லைக் காவல் படையானது. யார் சட்டமும் முழுசாகச் செல்லாத கரை அது. பாங்காக் டிக்கெட்டோடு வரும் கம்ப்யூட்டர் வேலையை இந்த வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள்.

கிளம்பும் முந்தின நாள் நாள்காட்டியில் நான்கு தேதியை வட்டமிடுங்கள்: பிப்ரவரி 1, மார்ச் 27 (ராணுவ தினம்), ஜூலை 19, ஆகஸ்ட் 8. அந்த நாட்களில் நகரின் நடுவில் கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். படித்த புத்தகங்கள், எழுதிய குறிப்புகள், போனில் சேர்த்து வைத்த செய்திகள், பகிர்ந்த பதிவுகள் எல்லாம் இங்கேயே இருக்கட்டும். சோதனைச் சாவடியில் போனை வாங்கிப் பார்ப்பது நடக்கிறது. ஃபேஸ்புக் 2021 பிப்ரவரியிலிருந்து தடை, வி.பி.என். போட்டுச் சமாளிக்கலாம் என்பதும் சட்டச் சிக்கல். கையில் தெருப்பெயர்த் தாள் ஒன்று போதும், அதில் யாரும் குற்றம் காண முடியாது.

சாப்பாட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. செகண்ட் லைன் பீச் அத்தோவை நினைத்துக்கொண்டு யாங்கோனில் "அத்தோ" என்றால் "எந்த அத்தோ?" என்பார்கள். பர்மிய மொழியில் அது கையால் பிசைந்த கலவை எதற்கும் பொதுப்பெயர். இஞ்சி, தக்காளி, தேயிலை இலை எல்லாவற்றிலும் உண்டு. நம் நூடுல்ஸ் வேண்டுமானால் "கௌஸ்வே தோ" என்று கேட்க வேண்டும். பேஜோ அதே பெயர்தான், பே பருப்பு, ஜோ பொரித்தது. மொஹிங்கா இங்கே வாழைத்தண்டு சூப்பாக மாறிவிட்டது. அங்கே அது மீன் குழம்பு, வாழைத்தண்டு அதில் ஒரு பொருள். சைவக்காரர்கள் வாழைத்தண்டை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். மற்றவர்கள் காலையிலேயே போங்கள், அங்கே அது காலைச் சாப்பாடு. மதியம் போனால் பானை கழுவிக் கவிழ்த்திருக்கும்.